பாம்புத்தோலும் பட்டா நிலமும்

(திருத்தணியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையின் சார்பில் இலக்கியமும் சமயமும் தலவரலாறும் மாறி மாறிப் பேசப்பெற்று வந்திருக்க, வேட்டைத் தொழிலிலே பிறந்து, பாம்புத்தோலை விற்று ஜீவனம் செய்து, அந்தத் தொழிலைச் சட்டம் முடித்து வைத்த பின்னர் குடியும் குடித்தனமுமாக ஓரிடத்தில் நிலைபெற முயன்று வரும் ஒரு ஜனசமூகத்தைப் பற்றி இன்று நான் பேசத் துணிந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். ஆயினும் தணிகை மலையடிவாரத்தில் நின்றுகொண்டு வேட்டுவரைப் பற்றிப் பேசுகிறவன் அதற்காக மன்னிப்புக் கோர வேண்டிய அவசியம் இல்லை. வள்ளிமலைச் சாரலில் தினைப்புனம் காத்த நம்பிராஜன் மகளை மணந்து முருகப்பெருமான் அமர்ந்த இடம் இம்மலை என்பது நம் முன்னோர் நம்பிக்கை. இங்கிருந்து வடக்கே உள்ள காளத்தியில், படைக்கப்போகும் இறைச்சியை முதலில் தம் வாயிலிட்டுச் சுவை பார்த்த வேடர் ஒருவர் நாயன்மார் வரிசையில் வணங்கப்பெறுகிறார். வேடர் குலத்தைத் தெய்வத்துக்குச் சம்பந்தியாகவும் அடியாராகவும் ஏற்றுக்கொண்ட இந்தப் பிரதேசம், வேட்டைத் தொழிலில் பிறந்த இன்றைய மனிதனுக்குச் சில சென்டு மனைக்கட்டு தருவதற்கு ஏன் இத்தனை தயங்குகிறது என்பதுதான் என் உரையின் முடிவில் வந்து நிற்கப் போகும் கேள்வி.

இருளர் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நீலகிரியும் அதன் அடிவாரக் காடுகளுமே. நான் சொல்ல வந்தவர் அவர்களல்லர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சமவெளிகளிலும் குன்றுகளின் ஓரங்களிலும் பரவி வாழும் இருளர். 1909ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன் இவர்களைக் குறித்தும் எழுதியிருக்கிறார். வில்லியர் என்று இவர்களை அழைக்கும் வழக்கமும் நம் பக்கத்தில் உண்டு. எல்லைக்கு அப்பால் போனால் இதே மாதிரியான ஜீவனத்தை உடைய யானாதியர் தெலுங்கு பேசிக்கொண்டு வாழ்கிறார்கள். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரையில் திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்ததையும், ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தையும் இவ்வூரார்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எந்தக் கிராமம் எந்த மொழிக்குரியது என்று நாம் கணக்கெடுத்து வாதாடிய அந்த ஆண்டுகளில், வரப்போரமாக எலிவளை தேடிச் சென்ற இருளர் எந்த எல்லைக்கல்லைத் தாண்டினோம் என்று கவனித்திருக்க மாட்டார். எலி இருக்கும் வயலே அவருக்கு நாடு.

அவருடைய தொழில்நுட்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதை அறியாமல் அவருக்குப் பின்னால் நேர்ந்த எதையும் விளங்கிக்கொள்ள முடியாது. அறுவடை முடிந்த வயலில் நீங்களும் நானும் காண்பது வெறும் தாளடியும் வெடித்த மண்ணும் மாத்திரமே. இருளரோ வரப்பின் பக்கத்தில் நடந்துகொண்டே, புழுதியில் படிந்த ஒரு நெளிவைக் கண்டு, போனது சாரையா நாகமா என்றும், போய் எவ்வளவு நேரமாயிற்று என்றும் தம்முள் தீர்மானித்துக்கொள்கிறார். வளையின் வாயில் சிலந்திநூல் அறுபடாமல் இருந்தால் அதை விட்டுவிட்டு மேலே நடக்கிறார். உள்ளே அண்மையில் எதுவும் போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி அவருக்கு வேண்டியதில்லை. வாய் வழவழப்பாக மெழுகினாற்போல் இருந்தால் அங்கே உட்காருகிறார். கையில் இருப்பது ஒரு சிறு கடப்பாரை. இடுப்பில் ஒரு துணிப்பை. மண்ணைக் கொத்திக் கொத்தித் தள்ளி, வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, ஓரிடத்தில் கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை வாருகிறார். இருப்பது நாகமானால் வாலைப் பிடித்து வெளியே இழுத்து, அதன் தலை தம் பக்கம் திரும்பாதபடி கடப்பாரையின் முனையால் மெல்லத் தடுத்துக்கொண்டே, பையை விரித்துக் காட்டுகிறார். இருட்டைக் கண்ட பாம்பு தானே உள்ளே போய்விடுகிறது. அவசரமோ ஆர்ப்பாட்டமோ கிடையாது. ஒரு நல்ல தட்டான் பொன்னைத் தொடும் நிதானம் அந்தக் கையில் இருக்கும்.

பாம்புக்குப் பாம்பு இடமும் காலமும் வேறு. நாகத்துக்கு எலிவளை, கண்ணாடி விரியனுக்கு வேலியோரத்துக் கள்ளியும் தாழையும், கட்டுவிரியனுக்கு இராப்பொழுது. நம் திருத்தணி வட்டாரத்தைப் போன்ற கல்லும் முள்ளுமான வறண்ட நிலத்தில் சுருட்டை விரியனைத் தேடுகிறவர் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். புரட்டிய கல்லைப் பழையபடியே வைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். பாம்போடு மாத்திரம் அவர்கள் வித்தை முடிவதில்லை. பானையின் அடியில் துளையிட்டு, அதில் வைக்கோலும் தழையும் திணித்து நெருப்பிட்டு, வளைக்குள் புகையை ஊதி எலியை மடக்குவார்கள்; எலி சேர்த்து வைத்த நெல்லையும் தோண்டி எடுப்பார்கள். மழைக்காலத்து ஈசலைப் பிடிப்பார்கள், பச்சிலைகளை அறிவார்கள். இவ்வளவும் ஏட்டில் எழுதாமல், தந்தையோடும் தாயோடும் வயலில் நடந்து கற்றுக்கொண்ட வித்தை. பெண்களும் இதில் சளைத்தவர்களல்லர்.

இந்த வித்தைக்கு ஒரு சந்தை வந்து சேர்ந்ததுதான் அவர்களுடைய சரித்திரத்தில் முதல் திருப்பம். மேல்நாட்டுச் சீமாட்டிகள் பாம்புத்தோலில் கைப்பையும் காலணியும் அணிய ஆசைப்பட, பெரியமேடு முதலான இடங்களில் ஏற்கெனவே தோல் வியாபாரம் தழைத்திருந்த சென்னைக்கு அந்த ஆசை எளிதில் வந்து சேர்ந்தது. சாரை, தண்ணீர்ப்பாம்பு, நாகம், விரியன், மலைப்பாம்பு, உடும்பு என எல்லாவற்றுக்கும் விலை ஏற்பட்டது. கிராமத்துக்கு வந்த தரகரிடம் இருளர் தோலைக் கொடுத்துச் சில்லறையை வாங்கினார், தரகர் பதனிடும் சாலைக்குக் கொடுத்தார், சாலைக்காரர் கப்பலேற்றினார். இப்படி இந்தியாவிலிருந்து போன பாம்புத்தோல் ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் இருந்தது. உயிரைப் பணயம் வைத்து நாகத்தைப் பிடித்த மனிதனுக்கும், அதன் தோலாலான பையைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்து விற்ற மனிதனுக்கும் கிடைத்த லாபங்களை ஒரே தராசில் நிறுக்க முற்படுவது வீண் வேலை. இந்தக் காலத்தை இருளரின் பொற்காலமென்று சொல்வாரை நான் ஏற்கமாட்டேன். கையில் காசு புரண்டது உண்மை, ஆனால் அந்தக் காசு எந்தக் குடும்பத்துக்கும் ஒரு காணி நிலமாகத் திரளவில்லை.

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு தேசத்து விருத்தாந்தத்தைச் சிறிது நோக்குவது பொருத்தமாகும். வட அமெரிக்காவில் நீர்நாய் போன்ற பீவர் என்னும் பிராணியின் மயிர்த்தோலுக்கு ஐரோப்பியத் தொப்பி வியாபாரிகளிடம் இருந்த மதிப்பை நம்பி, 1670இல் ஹட்சன் விரிகுடாக் கம்பெனி அரச சாசனம் பெற்று ஏற்பட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் தனி மனிதர்களும் பொறியும் துப்பாக்கியுமாக மலைப்பிரதேசத்துக்குள் புகுந்து தோல் சேகரித்தார்கள். ஜோ மீக் என்பவர் அவர்களில் ஒருவர். 1810இல் வர்ஜீனியாவில் பிறந்து, இளமையிலேயே ராக்கி மலைக்குப் போய்ப் பீவர் பிடித்தவர். ஓடைகளில் பீவர் அருகியதும், லண்டனிலும் பாரிஸிலும் பட்டுத் தொப்பி நாகரிகமாகிவிட்டதும் சேர்ந்து அந்தத் தொழிலை வீழ்த்தின. வேட்டைக்காரரும் வியாபாரிகளும் ஆண்டுதோறும் மலையில் கூடி நடத்திய சந்தை 1840ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அவ்வாண்டிலேயே மீக் குடும்பத்தோடு மேற்கே சென்று ஆரிகன் நாட்டின் வில்லமெட் பள்ளத்தாக்கில் நிலம் உழத் தொடங்கினார். 1843இல் அங்கே குடியேறியவர்கள் தற்காலிக அரசு அமைத்தபோது ஷெரீப் ஆனார். பின்னர் அமெரிக்க அரசின் மார்ஷல் பதவியும் பெற்றார். 1850இல் இயற்றிய நிலக்கொடைச் சட்டம் அந்நாட்டில் குடியேறியிருந்த வெள்ளையருக்குத் தனி ஆளுக்கு 320 ஏக்கரும் மணமான தம்பதிக்கு 640 ஏக்கரும் வழங்கிற்று.

தோல் வேட்டையாடியவர் எல்லைப்புறத்துக் குடியானவராக மாறுவது அங்கே அத்தனை சுலபமாக முடிந்ததற்குக் காரணம், கொடுக்கப்பட்ட நிலம் முழுதும் செவ்விந்தியருடைய நிலம் என்பதே. அங்கே வேட்டைக்காரன் வந்தேறி. அதனால் அவனுக்கு நிலம் கிடைத்தது. இங்கே வேட்டைக்காரன் பூர்விகக்குடி. அதனால்தானோ என்னவோ அவனுக்கு நிலம் கிடைக்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை எல்லை வகுத்து அரசின் பொறுப்பில் வைத்தபோது, அவற்றில் சுற்றித் திரிந்தவனிடம் காட்டுவதற்கு ஒரு கடிதமும் இல்லை. கடிதமில்லாத உரிமையை எந்தக் கச்சேரி ஒப்புக்கொள்ளும்?

இரண்டாவது திருப்பம் சட்டத்தால் வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. தடை நியாயமானது என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை. பாம்பு குறைந்த வயலில் எலி பெருகும். எலி பெருகினால் குடியானவன் வீட்டுக் குதிரில் நெல் குறையும். பாம்புகளைக் காப்பாற்ற வேண்டியது அவசரமான காரியம்தான். எனினும், நேற்றுவரையில் தரகனிடம் பகிரங்கமாக விற்றுப் பிழைத்தவன் இன்று காலையில் குற்றவாளியாகிவிட, அவன் நாளைக்கு எதை உண்பான் என்ற ஒரு வாக்கியத்தையும் அந்தச் சட்டம் தன்னுள் வைத்திருக்கவில்லை. பலர் செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டும் கூப்புக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். முன்பணம் கடனாயிற்று, கடன் கொத்தடிமையாயிற்று. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அதே 1976ஆம் ஆண்டில்தான் பிறந்தது என்பதைச் சரித்திரத்தின் பரிகாசம் என்றே கருதுகிறேன். அது பிறந்து பல பத்தாண்டுகள் சென்ற பின்னரும் நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில் ரோமுலஸ் விட்டேக்கர் என்ற மனிதர் குறுக்கே வந்தார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியாவில் வளர்ந்து, சென்னையில் பாம்புப் பண்ணையையும் பின்னர் முதலைப் பண்ணையையும் நிறுவிய அவர், பாம்பு பிடிக்கும் வித்தையின் நுட்பத்தை இருளரோடு கூட நடந்து கற்றவர். தோலுக்காகப் பிடித்த அதே கை நஞ்சுக்காகப் பிடிக்கட்டும் என்பதே அவரும் இருளரும் கண்ட உபாயம். தோல் வேண்டுமானால் பாம்பு சாக வேண்டும். நஞ்சு வேண்டுமானால் பாம்பு உயிரோடு இருக்க வேண்டும். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. வனத்துறையின் அனுமதி கிடைத்து வேலை ஒழுங்காகத் தொடங்க மேலும் சில ஆண்டுகள் சென்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணையின் வளாகத்திலேயே அது இயங்கி வருகிறது.

அங்கே நடப்பதை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். கூரையின் கீழே மணலில் வரிசையாக மண்பானைகள். ஒவ்வொன்றின் வாயிலும் துணி கட்டியிருக்கும். உறுப்பினர் ஒருவர் துணியை அவிழ்த்து, கொக்கியால் பாம்பை வெளியே எடுத்து, கழுத்தைப் பிடித்து, மெல்லிய தோல் போர்த்திய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் அதன் பல்லை அழுத்துகிறார். பல் தோலைத் துளைத்ததும் உள்ளே மஞ்சள் நிறத்தில் சில துளிகள் வழிகின்றன. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு மாத்திரமே இங்கே வேலை. நம் நாட்டில் மனிதரைக் கொல்லும் கடிகளில் பெரும்பாலானவை இந்த நான்குக்கே உரியவை. வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு முறை நஞ்சு எடுத்த பின், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, பாம்பைக் காட்டிலே விட்டுவிடுகிறார்கள்; அடையாளம் மறையும் வரையில் அதே பாம்பை மீண்டும் பிடிப்பதில்லை. எடுத்த நஞ்சை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கி, மாற்று மருந்து செய்யும் ஆலைகளுக்கு விற்கிறார்கள். ஆலையில் அந்நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடலில் ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைக்கிறார்கள்.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் பேர், சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர், இறந்ததாக 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். வயலில் வெறுங்காலோடு நின்றவர்கள். பிழைத்தவர்களின் நரம்பில் ஏறிய மருந்துக்குரிய நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலமாக வடநெம்மேலியிலிருந்தே போயிற்று. திருத்தணி அரசு மருத்துவமனையில் நள்ளிரவில் ஒரு குடியானவர் கண் திறந்திருந்தால், அதற்குப் பின்னால் முன்பின் அறியாத ஓர் இருளரின் கை இருந்திருக்கக்கூடும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. தம் வயலில் எலி பிடிக்க வந்தவர் “நைனா” என்று மரியாதையோடு அழைத்தாலும் அவரைத் திண்ணைக்குக் கீழேயே நிறுத்திய வீட்டார்க்கும் அந்த மருந்து வேற்றுமை பாராட்டவில்லை.

இந்த வித்தையின் கீர்த்தி எதிர்பாராத ஒரு திசைக்கும் சென்றது. பர்மிய மலைப்பாம்பு, வளர்ப்புப் பிராணியாக அமெரிக்காவுக்குப் போய், புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்குள்ள சிறு பிராணிகளை ஏறத்தாழத் துடைத்தெடுத்துவிட்டது. 2016இல் பரிசு அறிவித்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஒரு மாதம் வேட்டையில் இறக்கியும் அகப்பட்டவை 106 மாத்திரமே. அடுத்த ஆண்டு ஜனவரியில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சென்னேரியிலிருந்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே அழைத்துச் செல்லப்பட்டார்கள். கருவிகளும் வண்டிகளும் கொண்டவர்கள் கண்டுபிடிக்க முடியாத இடங்களில் இவர்கள் கடப்பாரையோடு இறங்கி, புல்லின் மடிப்பையும் எச்சத்தையும் கவனித்து, முதல் இரண்டு வாரங்களுக்குள் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று, கைவிடப்பட்ட ஓர் ஏவுகணைத் தளத்துக்குள் கிடந்த பதினாறு அடி நீளப் பெண் பாம்பு. ஜோ மீக்கின் தேசம் வேட்டை வித்தைக்காகச் சென்னேரியின் வாசலுக்கு வர நேர்ந்ததே என்று நான் உள்ளூர மகிழ்ந்ததை மறைப்பானேன்! 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

விருதைக் கண்டு நாம் திருப்தி அடைந்துவிடுவது ஆபத்து. கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் சில நூறு பேர். சமவெளி இருளரோ இலட்சத்தைத் தாண்டியவர்கள். ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அரசு உச்சவரம்பு விதித்து அனுமதி அளிக்கும்வரை அந்தச் சில நூறு பேரும் காத்திருக்க வேண்டும். அனுமதி தாமதித்தால் அடுப்பும் தாமதிக்கும். மற்றவர்கள் இன்னும் கரும்பு வெட்டுகிறார்கள், சூளையில் மண் மிதிக்கிறார்கள், பிறர் தோப்பையும் ஏரி மீனையும் காவல் காக்கிறார்கள். காவலுக்கு இருக்கும் இடத்திலேயே ஒரு குடிசை. தோப்பு கைமாறினால் குடிசையும் போயிற்று. மாசிப் பௌர்ணமியன்று மாமல்லபுரத்துக் கடற்கரையில் கன்னியம்மனை வழிபடப் பல மாவட்டத்து இருளரும் கூடும் போது, அலையோரத்து மணலில் குடில் போட்டுத் தங்கி, விடியற்காலையில் பிள்ளைகளுக்கு அங்கேயே மணம் முடிக்கிறார்கள். அழகான வழக்கம்; படமெடுப்பவர் கூட்டமும் பெரிது. மணமக்கள் திரும்பிப் போகும் வீட்டுக்குப் பட்டா உண்டா என்று கேட்டவர் அக்கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பர்?

பட்டா கிடைக்காமைக்குச் சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானது சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் என்ற சான்றிதழை வழங்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். அவர் அலுவலகம் இதே திருத்தணியில் இருக்கிறது. தகப்பனுக்குச் சான்றிதழ் இருந்தால் மகனுக்குத் தருகிறேன் என்பது பல இடங்களில் நடக்கும் வாதம். காட்டில் பிறந்து களத்தில் இறந்த தகப்பனுக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? இருளரை மிகவும் நலிந்த பழங்குடிகளுள் ஒன்றாக இந்திய அரசே வகைப்படுத்தியிருக்கையில், அந்தச் சமூகத்துப் பையன் ஒருவன் தான் இருளன் என்று நிரூபிக்கக் கச்சேரி வாசலில் வருஷக்கணக்காக நிற்பது எவ்வகையிலும் நியாயமன்று. சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை. உதவித்தொகை இல்லாமல் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. தொகுப்பு வீடும் இல்லை.

ஆகையால் இச்சபையில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களையும் கிராம நிர்வாக அலுவலர்களையும் நிலச்சுவான்தார்களையும் நான் கேட்டுக்கொள்வது இது. உங்கள் கிராமத்தின் ஏரிக்கரையிலோ தோப்பின் மூலையிலோ குடியிருக்கும் இருளர் குடும்பங்களின் பெயர்களை இந்த மாதத்துக்குள் எழுதி எடுங்கள். அவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்டுக் கையொப்பம் வாங்குங்கள். அந்தக் காகிதத்தோடு நீங்களே அவர்களை அழைத்துக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வாருங்கள். சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் ஒரே நாளில் மனுக் கொடுக்கலாம்.